வயதான நாய்க்கு எப்படி விடை கொடுப்பது?



உங்களில் சிலருடைய வீட்டில் நாய் இருக்கும். அதை யாரிடமோ வாங்கி வந்தபோதோ, தெருவிலிருந்து தூக்கி வந்தபோதோ நீங்கள் இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். இப்போது ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு. நாய்க்கும் ஏழெட்டு வயது ஆகியிருக்கும். நீங்கள் வளர்கின்ற அதே ஆண்டுகளில் அது முதுமை அடைந்துகொண்டிருக்கிறது. நீங்கள் பள்ளியை முடித்துக் கல்லூரிக்குப் போகும் காலத்தை ஒட்டியே பெரும்பாலும் அதன் இறுதிக் காலமும் வந்து சேரும். இது சோதிடம் அன்று. வெறும் கூட்டல் கணக்கு.

அந்த நாள் வரும்போது வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்யவேண்டும், நீங்கள் என்ன செய்யலாம் என்பது பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. நான் கால்நடை மருத்துவன் அல்லன். கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவன். ஆனால் இரண்டு நாய்களுக்கு விடை கொடுத்த குடும்பத்தைச் சேர்ந்தவன். ஒன்றுக்குத் தவறாக விடை கொடுத்தோம். மற்றொன்றுக்கு ஓரளவு சரியாகக் கொடுத்தோம் என்று நினைக்கிறேன். தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

1989இல் நான் ஏழாம் வகுப்பு படித்தபோது எங்கள் வீட்டு நாய் டைகருக்கு ஒரு கண் தெரியாது. வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்துவிடும். வீட்டுக்காரர் தினமும் சண்டைக்கு வருவார். ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்தால் டைகர் இல்லை. மதுராந்தகத்துப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் நண்பரிடம் விட்டிருப்பதாக அப்பா சொன்னார். அங்கே நிழல் உண்டு, கிணறு உண்டு, ஓடி விளையாட இடம் உண்டு என்றார். இரண்டு ஆண்டுகள் ஒவ்வொரு விடுமுறையிலும் அந்தத் தோப்புக்கு அழைத்துப் போகும்படி கேட்டேன். 1997இல், நான் கல்லூரியில் இருந்தபோது, அப்பாவே ஒரு நாள் உண்மையைச் சொன்னார். தோப்பும் இல்லை, நண்பரும் இல்லை. ஒரு மாலை வேளையில் அடையாற்றுக்கு அக்கரையில் ஒரு சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

என் தந்தை கொடியவர் அல்லர். வைத்தியம் பார்க்கப் பணம் இல்லை. வேறு வீடு தேடவும் வழியில்லை. ஆனால் ஒரு கண் தெரியாத கிழ நாய் அந்த இரவு எந்தப் பக்கம் நடந்திருக்கும் என்ற கேள்வி இன்னும் என்னிடம் இருக்கிறது. எட்டு ஆண்டு கழித்துத் தெரிந்துகொண்டதால், அந்த வருத்தத்தைச் சொல்லிக்கொள்ளக்கூட ஆள் இல்லாமல் போயிற்று. அம்மா அதற்குள் மறந்தே போயிருந்தார்.

இப்படிப்பட்ட பொய் வீடுகளில் மட்டும் சொல்லப்படுவதில்லை. உலகத்துச் சிறுவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு முறை சொல்லப்பட்டது. 1957 நவம்பர் 3ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக்-2 விண்கலத்தில் லைக்கா என்ற நாயை அனுப்பியதைப் படித்திருப்பீர்கள். அது திரும்பி வருவதற்கான ஏற்பாடு கலத்தில் கிடையாது. பல நாள் உயிரோடு இருந்து வேதனையில்லாமல் இறந்தது என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டது. 2002இல்தான் உண்மை வெளிவந்தது. கலத்தினுள் வெப்பம் மிகுந்து, ஏவிய சில மணி நேரத்திலேயே லைக்கா இறந்துவிட்டது. நாற்பத்தைந்து ஆண்டுகள்! அந்தத் திட்டத்தில் பணிபுரிந்த ஓலெக் கசென்கோ என்ற விஞ்ஞானி முதுமையில், அந்த நாயை அனுப்பியதற்காக வெளிப்படையாக வருந்தினார். லைக்காவை ஏவுதளத்துக்குக் கொண்டுபோவதற்கு முன் விளாதிமிர் யாஸ்தோவ்ஸ்கி என்ற மருத்துவர் அதைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று தம் குழந்தைகளோடு விளையாட விட்டார். அந்தக் குழந்தைகளிடம் மறுநாள் என்ன சொன்னாரோ என்று நான் யோசிப்பதுண்டு.

என் தந்தைக்குத் தெரியாத இன்னொரு செய்தியும் உண்டு. வளர்ப்பு விலங்கைத் தக்க காரணமின்றி, பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது சட்டப்படி குற்றம். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் அவ்வாறு கூறுகிறது. அந்தச் சட்டத்துக்கு விதை போட்டவர் நம் அடையாற்றுக்காரர்தான். கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அங்கே அவர் கொண்டுவந்த தனி உறுப்பினர் மசோதாவின் தொடர்ச்சியாகவே அரசு இந்தச் சட்டத்தை இயற்றியது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. அவரை நாட்டியத்துக்காக மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம்.

இனி இரண்டாவது நாய். 2009 டிசம்பர் மழையில், கோடம்பாக்கம் மேம்பாலத்துக்கு அடியில் நனைந்து கிடந்த குட்டி. சாதாரண நாட்டு நாய்தான். மணி என்று பெயர் வைத்தோம். இலக்கணப்படி நாய் அஃறிணை; 'அது' என்றுதான் எழுதவேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் மணியை 'அது' என்று சொன்னதில்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் 'அவன்' என்றே எழுதுகிறேன். தமிழாசிரியர்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

2022 தீபாவளியன்று மணி எங்களை வியக்க வைத்தான். ஆண்டுதோறும் முதல் வெடிச் சத்தத்துக்கே கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குபவன், அந்த ஆண்டு வாசலில் நிம்மதியாகத் தூங்கினான். 'வயதாகிவிட்டது, பயம் தெளிந்துவிட்டது' என்று மகிழ்ந்தோம். ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது. அவனுக்குக் காது கேட்கவில்லை. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும்; நாயின் செவி 45,000 ஹெர்ட்ஸ் வரையிலும் கேட்கும். முதுமையில் அந்த வல்லமை குறைந்துகொண்டே வரும். ஆனால் எங்கள் வீடு ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. தாம்பரம் வண்டி போகும்போதெல்லாம் மணி தலையைத் தூக்கிப் பார்ப்பான். காது கேட்காதவனுக்கு ரயில் எப்படித் தெரிந்தது? தரையின் அதிர்வு வயிற்று வழியே தெரிந்தது. அதன்பிறகு அவனை அழைக்க வேண்டுமானால் தரையைக் காலால் தட்டுவோம், வருவான்.

கண்ணும் நீலம் பாய்ந்தாற்போல் மங்கியிருந்தது. கண்புரை என்று பயந்தோம். மருத்துவர் விளக்கைப் பாய்ச்சிப் பார்த்துவிட்டு இது புரை அல்ல என்றார். கண் வில்லையில் வாழ்நாள் முழுவதும் புதிய இழைகள் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. பழைய இழைகள் நடுவில் நெருங்கி இறுகிவிடுகின்றன. அந்த இறுகிய பகுதி ஒளியைச் சிதறடிப்பதால் நீல மங்கல் தெரிகிறது. நாய்க்குப் பார்வை பெரும்பாலும் இருக்கும். ஒளிச்சிதறல் பாடத்தை இருபது ஆண்டு நடத்தியவனுக்கு இது தோன்றவில்லை பாருங்கள்!

இவற்றையெல்லாம் ஏன் சொல்கிறேன்? 'வயதாகிவிட்டது' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுகிறோம். முதுமை என்பது நோயின் பெயர் அன்று. நாய் நொண்டினால் அது மூட்டுவலி. மூட்டுவலிக்கு மருந்து உண்டு. நாய் மாடிப்படி ஏறத் தயங்கினால், அது பிடிவாதம் அன்று. மொசைக் தரையில் வழுக்கி விழுந்தால் அங்கே குறைந்திருப்பது உராய்வு. நான்கு கோணிச் சாக்குகளை வாசலிலிருந்து தண்ணீர்த் தட்டு வரை வரிசையாகப் போட்டேன். மறுநாளே மணி தானாக எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். எத்தனையோ கிழ நாய்கள் சாக்கு இல்லாத காரணத்தால் படுத்த படுக்கையாகிவிடுகின்றன என்று எனக்குச் சந்தேகம்.

ஒரு எச்சரிக்கை. வலிக்கிறதே என்று உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். நமக்கு ஒத்துக்கொள்ளும் இபுபுரூஃபன் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். நாய்க்கு உரிய வலி மருந்துகள் தனியே உள்ளன.

வயதைப் பற்றிய கணக்கிலும் நாம் தவறு செய்கிறோம். நாயின் ஓர் ஆண்டு மனிதனுக்கு ஏழு ஆண்டு என்பார்கள். அப்படியானால் ஒரு வயது நாய் ஏழு வயதுக் குழந்தைக்குச் சமம். ஆனால் ஒரு வயதில் நாய் குட்டி போடும் பருவத்தை அடைந்துவிடுகிறதே! 2020இல் அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 104 லாப்ரடார் நாய்களின் மரபணுவில் வயதோடு ஏற்படும் வேதி மாற்றங்களை மனிதருடையவற்றோடு ஒப்பிட்டு ஒரு சமன்பாடு கண்டார்கள். நாயின் வயதுக்கு இயல் மடக்கை எடுத்து, 16ஆல் பெருக்கி, 31ஐக் கூட்டினால் அதற்கு இணையான மனித வயது கிடைக்கும். உங்களுக்குத் தெரிந்த பத்தடிமான மடக்கையை 2.303ஆல் பெருக்கினால் இயல் மடக்கை. 14 வயது மணிக்குப் போட்டுப் பாருங்கள்: 73 வருகிறது. ஏழால் பெருக்கினால் 98! இரண்டு வயது நாய்க்குப் போட்டால் 42 வருகிறது. அதாவது நாய் இளமையில் விரைந்து முதிர்கிறது. பிறகு நிதானமாக முதிர்கிறது. ஒரு மாதக் குட்டிக்குப் போட்டால் விடை எதிர்க்குறியில் வரும். ஒரு சமன்பாடு எங்கே செல்லாது என்று அறிவதும் பாடந்தான். இது ஓர் இனத்தில் கண்ட கணக்கு என்பதையும் மறக்கவேண்டாம்; நம் நாட்டு நாய்க்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது.

இன்னொரு விந்தை. யானை எலியைவிடப் பன்மடங்கு நீண்ட காலம் வாழ்கிறது. பொதுவாக உடல் பெரிதானால் ஆயுள் நீளும். நாய்களுக்குள் மட்டும் இது தலைகீழ். பெரிய உடல் கொண்ட நாய் இனங்கள் விரைவில் மடிகின்றன. உடல் எடையில் இரண்டு கிலோ கூடினால் ஆயுளில் ஏறத்தாழ ஒரு மாதம் குறைகிறது என்று 2013இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. உங்கள் வீட்டில் இருப்பது பெரிய சாதி நாய் என்றால், நான் முதலில் சொன்ன கூட்டல் கணக்கைச் சற்று முன்தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.

மணிக்கு வந்தது சிறுநீரகக் கோளாறு. 2023 நவம்பரில், வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறானே என்று வேப்பேரிக்குக் கொண்டு போனோம். 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. (எத்தனை ஆட்டோக்காரர்கள் நாயைக் கண்டதும் மீட்டரை மறந்தார்கள் என்பது தனிக்கதை.) இரத்தப் பரிசோதனையில் விவரம் தெரிந்தது. சிறுநீரகத்தில் இலட்சக்கணக்கான நுண்வடிகட்டிகள் உள்ளன. அவற்றில் முக்கால் பங்கு பழுதான பிறகே இரத்தத்தில் கழிவின் அளவு உயர்ந்து காட்டுமாம். முக்கால் பங்கு போகும் வரை மீதிக் கால் பங்கு சத்தமில்லாமல் எல்லோருடைய வேலையையும் பார்த்துவந்திருக்கிறது. போனதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. உணவை மாற்றி, மருந்து கொடுத்து, சில மாதங்கள் நன்றாக வைத்திருக்கலாம் என்றார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் பிரச்சினை எழுந்தது. என் மகள் அப்போது பத்தாம் வகுப்பு. 2024 மார்ச் இறுதியில் பொதுத்தேர்வு. 'அவளிடம் எதுவும் சொல்லாதே. பரீட்சை முடியட்டும்' என்று உறவினர் எல்லோரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். என் தந்தை செய்ததையே வேறு காரணம் சொல்லிச் செய்ய இருந்தேன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. மகள்தான் கேட்டாள்: "அப்பா, மணிக்குக் கிட்னி போயிடுச்சா?" மருந்து அட்டையைப் படித்திருக்கிறாள். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது என்று நாங்கள் நினைத்திருந்தோம் போலும்.

எல்லாவற்றையும் சொன்னோம். பிறகு ஒரு யோசனை செய்தேன். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபாஸ் 2004இல் ஓர் அளவுகோல் வகுத்திருக்கிறார். வலி, பசி, உடலின் நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம் ஆகிய ஆறுக்கும், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்ற ஏழாவது கேள்விக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடவேண்டும். வலி இல்லை என்றால் பத்து. தாங்கமுடியாத வலி என்றால் சுழி. மொத்தம் 70. அது 35க்கு மேல் இருந்தால் விலங்கு ஓரளவு நிம்மதியாக வாழ்கிறது என்று கொள்ளலாம். நானும் மகளும் ஆளுக்கொரு நோட்டு வைத்துக்கொண்டோம். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக்கூடாது; ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். சோதனைச்சாலையில் இரண்டு மாணவர்கள் தனித்தனியே அளவெடுப்பதுபோல.

ஜனவரி முழுதும் எங்கள் எண்கள் நெருங்கியே இருந்தன. பிப்ரவரி மூன்றாவது ஞாயிறு ஒப்பிட்டபோது என் சராசரி 38. மகளுடையது 27. எனக்குக் கோபம் வந்தது. 'நீ சோர்ந்துபோயிருக்கிறாய், அதனால் குறைத்துப் போடுகிறாய்' என்றேன். அவள் வாதாடவில்லை. "நாளைக்கு நீங்க காலேஜுக்குப் போகாம மத்தியானம் வீட்டுல இருங்கப்பா" என்றாள்.

இருந்தேன். பிற்பகல் இரண்டு மணிக்கு மணி எழ முயன்றான். முன்கால் எழுந்தது, பின்கால் எழவில்லை. மூன்று முறை முயன்று, படுத்த இடத்திலேயே சிறுநீர் கழித்தான். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். மகள் ஒன்றும் சொல்லாமல் துணியை எடுத்து வந்து துடைத்தாள். அவளுக்கு அது பழகிப்போயிருந்தது. நான் அவனைப் பார்த்ததெல்லாம் காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும்தான். அந்த நேரங்களில் என்னைக் கண்டு, இருக்கிற வலுவையெல்லாம் திரட்டி வாலை ஆட்டுவான். நான் மகிழ்ச்சிக்கு எட்டு மதிப்பெண் போடுவேன். அளவுகோல் பழுதில்லை, அளந்த நேரம் தவறு. அத்தோடு, எண் பெரிதாக இருக்கவேண்டும் என்று அளந்தவன் விரும்பினான். முள்ளைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அளவு தவறாகத் தெரியும். இடமாறு தோற்றப் பிழை என்று வகுப்பில் சொல்லுவேன். வீட்டில் நானே பக்கவாட்டில் நின்றிருக்கிறேன். யாரிடமிருந்து செய்தியை மறைக்கவேண்டும் என்று பெரியவர்கள் கூடிப் பேசினோமோ, அவளுக்குத்தான் எல்லாம் முதலில் தெரிந்திருந்தது.

இனி என்ன செய்வது? ஊசி போட்டு முடித்துவிடலாமா? இங்கே என் தாயார் குறுக்கிட்டார். "உயிரை எடுக்க நாம யாருடா? பாவம். தானாப் போகட்டும்" என்றார். உங்கள் வீட்டிலும் இப்படிச் சொல்லும் பெரியவர்கள் இருப்பார்கள். அதை மூட நம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். உயிரைப் பறிப்பதில் தயக்கம் இருப்பது நல்லது. அது இல்லாதவர்களைக் கண்டுதான் எனக்குப் பயம். வலியை மருந்தால் அடக்க முடிகிறவரை, நாய் உண்டு உறங்கி நம்மைக் கண்டு மகிழ்கிறவரை, காத்திருப்பதே சரி. அலுப்பினாலும் செலவுக்கு அஞ்சியும் ஊசி கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன்.

ஆனால் 'தானாகப் போவது' என்றால் தூக்கத்தில் விளக்கு அணைவதுபோல என்று நினைத்துக்கொள்கிறோம். சில நாய்களுக்கு அது வாய்க்கும். சிறுநீரகம் செயலிழந்த நாய்க்குப் பெரும்பாலும் வாய்ப்பதில்லை. கழிவு இரத்தத்தில் தேங்கி, வாய் புண்ணாகி, வாந்தி எடுத்து, சில சமயம் வலிப்பு வந்து, நாட்கணக்கில் நீளும். அதை மருத்துவர் விளக்கியபோது அம்மாவும் உட்கார்ந்து கேட்டார். அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டதாகச் சொல்லவில்லை. 'அவன் படற பாட்டை இனிப் பார்க்க முடியாது' என்று மட்டும் சொன்னார். நான் முன்னே சொன்ன 1960ஆம் ஆண்டுச் சட்டமும், தீராத வேதனையில் வாடும் விலங்கின் உயிரை வேதனையின்றி முடிப்பதற்கு இடம் வைத்திருக்கிறது. இந்த இடத்தில் என் கருத்து உறுதியானது. வலியைக் குறைக்க வேறு வழி அற்றுப்போன பின்னும் இழுத்துக்கொண்டே போவது நாய்க்காக அன்று, நமக்காக.

மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை காலை மருத்துவர் வீட்டுக்கே வந்தார். பொதுத்தேர்வுக்கு மூன்று வாரமே இருந்தது. நடக்கப்போவதை முன்கூட்டியே மகளுக்குச் சொல்லியிருந்தோம், உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் ஓர் அமைதி மருந்து. நாய் உறங்கத் தொடங்கிவிடும். பிறகு முன்னங்கால் நரம்பில் மயக்க மருந்தின் மிகை அளவு. அறுவைச் சிகிச்சைக்குக் கொடுப்பதுபோன்ற மருந்துதான், அளவுதான் வேறு. முதலில் உணர்வு போகும், பிறகு மூச்சு, பிறகு இதயம். இரண்டொரு நிமிடத்தில் முடிந்துவிடும். கண் மூடாது. அதன்பிறகும் ஒருமுறை, இருமுறை மூச்சு இழுப்பதுபோல் உடல் அசையலாம். அது தசையின் அனிச்சைச் செயல். இதை முன்பே அறியாதவர்கள், 'உயிர் இருக்கிறது!' என்று அலறிவிடுவார்கள்.

உடன் இருக்க வேண்டுமா என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டோம். என் மனைவி சமையலறையில் இருந்துகொண்டார், அதில் தவறில்லை. மகள் மணியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். எதிர்த்துப் பேசிய அம்மாதான், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, விரலால் கொஞ்சம் மோர்சாதம் ஊட்டினார். இரண்டு முறை நக்கினான். காது கேட்காதவனிடம் மகள் என்னவோ பேசிக்கொண்டே இருந்தாள். முகர்வு இறுதிவரை இருக்கும் என்று படித்திருந்ததால் அவளுடைய பள்ளித் தாவணியை மூக்கருகே வைத்திருந்தாள்.

ஒரு நண்பரின் காலி மனையில் நான்கடிக்குக் குறையாமல் தோண்டிப் புதைத்தோம். ஆழத்துக்குக் காரணம் மரியாதை மட்டும் அன்று. அந்த மருந்து உடலில் நெடுநாள் தங்கும். தெருநாயோ காக்கையோ கிளறித் தின்றால் அதற்கும் ஆபத்து. உங்கள் வீட்டில் மண் இல்லையென்றால் மருத்துவரிடமே வழி கேளுங்கள். குப்பைத்தொட்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

'ஒரு நாய்க்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?' என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். இது புதிய நாகரிகம் என்று நினைக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கத்துப் பக்கம் எடுத்தனூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே கிடைத்த ஒரு நடுகல் மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். எருமை மந்தையைக் காக்கப் போரிட்டு மடிந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். வீரனுக்குப் பின்னால் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டு கூறுகிறது. ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்க்காரர்கள், தங்கள் நாயின் பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். காஷ்மீரில் புர்சாஹோம் என்ற இடத்தில் புதிய கற்கால மக்கள் மனிதரோடு நாயையும் புதைத்திருக்கிறார்கள். இன்னும் பின்னே போனால், ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே ஓபர்காசலில் 1914இல் ஒரு கல்லுடைக்கும் இடத்தில் கிடைத்த புதைகுழி. ஓர் ஆண், ஒரு பெண், அவர்களுடன் ஒரு நாய்க்குட்டி. வயது ஏறத்தாழ 14,000 ஆண்டு. அதன் பற்களை ஆராய்ந்து 2018இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். அந்தக் குட்டிக்குக் கடும் நோய் கண்டிருக்கிறது. மனிதர் வாரக்கணக்கில் பேணியிராவிட்டால் அத்தனை நாள் பிழைத்திருக்க முடியாது. வேட்டைக்கும் காவலுக்கும் அது பயன்பட்டிருக்காது. பனிக்காலத்து வேடர்கள் எதற்காக அதைப் பேணினார்கள்? பக்கத்து வீட்டுக்காரர் அவர்களைத்தான் கேட்கவேண்டும்.

மகள் தேர்வு எழுதினாள். முதல் வாரம் படிக்க உட்கார்ந்தால் அழுகை வந்தது, அழுதுவிட்டுப் படித்தாள். மதிப்பெண் குறைந்ததா என்று கேட்பீர்கள். தெரியாது; மணி சாகாத ஒரு மார்ச் மாதத்தில் அவள் எத்தனை வாங்கியிருப்பாள் என்று ஒப்பிட எனக்கு வழியில்லை.

உங்கள் வீட்டு நாய்க்கு எட்டு வயது ஆகிவிட்டது என்றால், பாதி எழுதிய பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதற்பக்கத்தில் எழுதவேண்டியது அதன் எடை. மாதத்துக்கு ஒருமுறை போதும். நாய் தராசில் நிற்காது என்று கவலைப்படாதீர்கள். நாயைத் தூக்கிக்கொண்டு நீங்கள் ஏறி நில்லுங்கள், பிறகு தனியாக ஏறி நில்லுங்கள், கழித்துவிடுங்கள். மணி 18 கிலோவிலிருந்து 15க்கு இறங்கியதை நாங்கள் குறித்து வைத்திருந்தால், வேப்பேரிக்கு ஆறு மாதம் முன்பாகவே போயிருப்போம்.